எதை விடப்போகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால்

இந்த ஆண்டு, 2026-இல், பிப்ரவரி 18 அன்று திருநீற்றுப் புதன், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக்காலமான தவக்காலம் தொடங்குகிற நாள். அதற்கு நாள் இருக்கும்போதே கோயில் வாசலில், அன்பியக் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற சிறு குழு) கூட்டத்தில், பங்கு வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் ஒரே கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: "இந்தத் தவக்காலத்துக்கு எதை விடப்போறீங்க?" ஒருவர் கறியை விடுகிறார், ஒருவர் டீயை விடுகிறார், கல்லூரிப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமை விடுகிறார்கள், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் செருப்பை விடுகிறார்கள். நல்ல கேள்விதான், எனக்கும் பிடித்த கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்காமல் போனால் நாற்பது நாள் ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடுகிற நோன்பு) சிலுவைப்பாதையும் நம்மைக் கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்க்காமல், நம்மைப் பற்றிய நம் நல்ல அபிப்பிராயத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வேலைக்குப் பெயர் தாழ்ச்சி. நோன்பு தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியது இல்லை அது. இப்போதே, இந்த வாரங்களிலேயே பழக ஆரம்பிக்க வேண்டும்.

ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும். தலையான பாவங்கள் ஏழு என்று தொடங்கினால் முதலில் வருவது அகங்காரம். அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் என்று தொடங்கினால் முதலில் வருவது தாழ்ச்சி. போசனப்பிரியம், அதாவது சாப்பாட்டு ஆசை, அதற்குக் கீழேதான் வரும், அதற்கான மருந்து மட்டசனம், அளவோடு உண்பது. தவக்காலத்தில் நாம் போசனப்பிரியத்தோடு ஊக்கமாகச் சண்டை போடுகிறோம், பட்டியலின் தலையில் இருப்பதைத் தொடுவதில்லை. தொடாவிட்டால்கூடப் பரவாயில்லை, போசனப்பிரியத்தை ஜெயித்த பெருமையை எடுத்து அகங்காரத்துக்குத் தின்னக் கொடுக்கிறோம், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிற பரிசேயரையும் வரிதண்டுபவரையும் பற்றிய உவமையை இந்த நாட்களில் மெதுவாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். சமயச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவர் பரிசேயர். நாம் பெரும்பாலும் அவரை ஒரு வேஷக்காரராக நினைத்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். உவமையில் அப்படி இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரு முறை நோன்பிருக்கிறேன் என்கிறார், இருக்கிறார். வருவாயில் எல்லாம் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறேன் என்கிறார், கொடுக்கிறார். நம் பங்கில் அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே பங்குப்பேரவையில் சேர்த்துக்கொள்வோம். அவருடைய சிக்கல் நோன்பில் இல்லை, நோன்பை ஒரு மேடையாக்கி அதன்மேல் ஏறி நின்று பக்கத்தில் நிற்கிறவரைக் குனிந்து பார்த்ததில் இருக்கிறது. "இந்த வரிதண்டுபவரைப் போலவோ இல்லாதது பற்றி உமக்கு நன்றி" என்கிறார். நன்றி சொல்லும் செபத்துக்குள்ளேயே ஒரு மனிதரை மிதிக்க முடிகிறது என்பதை வேறு எந்தக் கதையும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. தொலைவில் நின்ற அந்த இன்னொருவரிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்." கடவுளுக்கு ஏற்புடையவராகி வீடு திரும்பியவர் அவர்தான்.

கீழைத் திருச்சபைகள் இந்த ஆபத்தை எப்போதோ கண்டுகொண்டிருக்கின்றன. பைசாந்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கச் சபைகளில் பெரிய நோன்புக்கான (தவக்காலத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) தயாரிப்பு தொடங்குகிற ஞாயிறே "வரிதண்டுபவர், பரிசேயர் ஞாயிறு"தான். அதைத் தொடர்ந்து வருகிற வாரத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, கேள்விப்பட்டபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆண்டின் பெரும்பாலான வாரங்களில் புதனும் வெள்ளியும் நோன்பு இருக்கிற அந்த மக்கள், அந்த வாரம் புதன், வெள்ளிகளிலும் நோன்பு இருப்பதில்லை. வாரத்தில் இரு முறை நோன்பிருக்கிறேன் என்று பரிசேயர் சொன்னாரே, அதைப் போல நாமும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக! பெரிய நோன்பைத் தொடங்கும் முன் நோன்பின் பெருமையை முதலில் உடைக்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் புதியதைப் பூசமாட்டார் இல்லையா, அந்த மாதிரி.

பக்கத்திலேயே கேரளத்தில் சீரோ மலபார் சபையும் மற்ற சுரியானிச் சபைகளும் பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்னால் மூன்று நாள் நினிவே நோன்பு இருக்கிறார்கள். குறவிலங்காடு கோயிலில் அந்த நாட்களில் மரக்கப்பலைத் தூக்கிக்கொண்டு பவனி வருவார்கள், யோனாவின் கடற்பயணத்தை நினைத்து. யோனா நூலில் எல்லாரும் மீனைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம், எனக்கு 3-ஆம் அதிகாரத்தில் வருகிற நினிவே அரசன்தான் முக்கியம். நகரம் அழியப்போகிறது என்று யோனா அறிவித்த செய்தி காதில் விழுந்ததும் அவன் செய்கிற காரியங்களின் வரிசையைப் பாருங்கள். அரியணையை விட்டு இறங்குகிறான், அரச உடையைக் களைகிறான், சாக்கு உடுத்துகிறான், சாம்பலில் உட்காருகிறான். ஊருக்கு நோன்பு அறிவிப்பது அதற்கப்புறம்தான். மற்றவர்களை நோன்பு இருக்கச் சொல்வதற்கு முன் தான் இருந்த உயரத்திலிருந்து இறங்கினான்.

நம் இலத்தீன் முறையிலும் தவக்காலத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகள் தயாரிப்புக்கென்று இருந்தன, ஊதா உடையோடு, அல்லேலூயா இல்லாமல். 1969-இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அவை எடுக்கப்பட்டுவிட்டன. அந்தத் திருத்தத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது, தவக்காலமே ஒரு தயாரிப்பு, தயாரிப்புக்கு ஒரு தயாரிப்பு எதற்கு என்று கேட்டிருப்பார்கள். ஆனாலும் இன்று செவ்வாய் இரவு பிரியாணி, புதன் காலை சாம்பல் என்று தாவிப்போகும்போது நடுவில் இருந்த ஒரு படி இல்லாமல் போனது தெரியத்தான் செய்கிறது.

சரி, எப்படிப் பழகுவது? எனக்கு இதில் பெரிய உதவி 6-ஆம் நூற்றாண்டு ஆள் ஒருவர், புனித ஆசீர்வாதப்பர். பெனடிக்ட் என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். துறவிகளுக்கு அவர் எழுதிய ஒழுங்கில் 7-ஆம் அதிகாரம் முழுக்கத் தாழ்ச்சி, பன்னிரண்டு படிகளாக. பலரும் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். நான் சொல்ல வருவது தவக்காலத்தைப் பற்றிய 49-ஆம் அதிகாரம், ஒரு பக்கம்கூட வராது. ஒவ்வொருவரும் உணவிலோ, குடிப்பதிலோ, தூக்கத்திலோ, பேச்சிலோ கொஞ்சத்தைக் குறைத்துத் தாமாக மனமுவந்து கடவுளுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். உடனே ஒரு நிபந்தனை போடுகிறார்: என்ன செய்யப்போகிறாய் என்பதை முதலில் மடாதிபதியிடம் சொல், அவர் செபத்தோடும் சம்மதத்தோடும் செய், அவருக்குத் தெரியாமல் செய்வது வீண்பெருமையின் கணக்கில்தான் சேரும், பலனின் கணக்கில் சேராது. இன்னொரு அதிகாரத்தில், தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுக்க வேண்டும், அதை முதலிலிருந்து முழுவதுமாக வாசிக்க வேண்டும் என்கிறார். பிடித்த பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

இதில் இருக்கிற கூர்மை யோசிக்க யோசிக்கத்தான் தெரியும். திருச்சபைச் சட்டம் கட்டாயமாகக் கேட்கிற நோன்பு நாட்கள் இரண்டே இரண்டு, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். தவக்கால வெள்ளிகளில் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது. மற்றதெல்லாம் நாமாகத் தேர்ந்தெடுப்பது. நாமாகத் தேர்ந்தெடுக்கிற இடத்தில்தான் அகங்காரம் நுழைகிறது, ஏனென்றால் நமக்குச் சௌகரியமான தியாகத்தை, நாலு பேருக்குத் தெரிகிற தியாகத்தை, ஏற்கெனவே நமக்கு நன்றாக வருகிற தியாகத்தை நாம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். டீ குடிப்பதை விடுவது நம் கையில் இருக்கிறது. மனைவி பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பதை யாரும் பட்டியலில் போடுவதில்லை.

நமக்கு மடாதிபதி இல்லை, ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறார்கள். கணவனிடம், மனைவியிடம், மாமியாரிடம், வளர்ந்த பிள்ளையிடம் போய், "இந்தத் தவக்காலத்துல நான் எதை விட்டா உனக்கு நல்லா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதற்கு விளக்கம் சொல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும், அது முக்கியம். எங்கள் அன்பியத்தில் ஒரு வீட்டில் இது நடந்தது, அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். வெள்ளிதோறும் ஒருசந்தி தவறாத ஒரு அம்மா மருமகளிடம் இப்படிக் கேட்டார். மருமகள் முதலில் தயங்கியிருக்கிறார், அப்புறம் மெல்லச் சொல்லியிருக்கிறார்: "அத்தை, நீங்க ஒருசந்தி இருங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி அடுப்படியில நிக்கிற நானும் ஒருசந்திதான்." அவ்வளவுதான் சொன்னது. அந்தத் தவக்காலத்தில் வெள்ளி இரவுச் சமையலை மாமியார் எடுத்துக்கொண்டார், நோன்பையும் விடவில்லை. அவர் வருடக்கணக்காக இருந்த ஒருசந்திகளில் எதுவும் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தேவைப்பட்ட துணிவு ஒரு வேளைச் சோற்றை விடுவதைவிடப் பெரியது என்று அவரே சொன்னார்.

சமையலறை என்றதும் ஆசீர்வாதப்பர் மறுபடியும் வருகிறார். அவர் மடங்களில் அடுப்படி வேலை வாரமுறைப்படி எல்லாருக்கும் வரும். வாரம் முடிகிறவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, கைகால் துடைக்கும் துண்டுகளைத் துவைத்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் பொறுப்பேற்கிறவரோடு சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பெரிய வியாழனன்று மட்டும் இல்லை, ஒவ்வொரு வாரமும். பாத்திரம் கழுவுவதும் பாதம் கழுவுவதும் அங்கே ஒரே வேலையின் இரண்டு பாதி.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தாழ்ச்சி என்ற பெயரில் நம்மிடையே நிறையக் கலப்படம் நடக்கிறது. பாடகர் குழுவில் நன்றாகப் பாடுகிற பெண் "எனக்கெல்லாம் பாடவே வராதுங்க" என்று சொல்வது தாழ்ச்சி ஆகாது. அவிலா நகர் புனித தெரேசா தாழ்ச்சி என்றால் உண்மையின் வழியில் நடப்பது என்று எழுதினார், எனக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. கடவுள் கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று சொல்வதும் பொய்தான். மரியாவின் பாடலைப் பாருங்கள், லூக்கா 1:48. தம் அடிமையின் தாழ்நிலையைக் கண்ணோக்கினார் என்று சொன்ன அதே மூச்சில், இதுமுதல் எல்லாத் தலைமுறையினரும் என்னைப் பேறுபெற்றவர் என்பர் என்கிறார். தயக்கமே இல்லை. செபமாலையில் மகிழ்ச்சி மறைபொருளின் முதல் பத்துமணியில் தாழ்ச்சியைக் கேட்டுச் செபிக்கிறோமே, அந்தப் பெண்ணின் தாழ்ச்சி இப்படிப்பட்டது.

அந்தப் பாடலிலேயே சில வரி தள்ளி, வலியோரை அரியணையினின்று தூக்கி எறிந்துள்ளார், தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துகிறார் என்று வருகிறது. இதை மறந்துவிட்டுத் தாழ்ச்சியைப் பிரசங்கம் பண்ணவே கூடாது என்பேன். நம் ஊரில் தாழ்ச்சியாய் இரு என்ற புத்திமதி பெரும்பாலும் யாருக்குப் போகிறது? ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்டவருக்கு. குடித்துவிட்டு அடிக்கிற கணவனோடு பொறுத்துப்போகும்படி மனைவிக்கு, பல்லக்குத் தூக்கவும் தேர் இழுக்கவும் உரிமை கேட்கிற தலித் மக்களுக்கு. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில் சாதி பார்த்துப் பிரித்து உட்காரவைக்க இரண்டு நீண்ட கூடங்களைப் பீடத்தில் வந்து சேரும்படி கட்டி, நடுவே தடுப்பும் வைத்தார்கள். 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று வெள்ளாளர்கள் சிலர் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆண்டுதோறும் திருநீற்றுப் புதன் வந்திருக்கும், மண்ணாய் இருக்கிறாய் மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லித்தான் இரண்டு பக்கமும் சாம்பல் பூசியிருப்பார்கள்! பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தலித் கிறித்தவர்கள் ஒதுக்கப்படுவதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது.

இங்கேயும் ஆசீர்வாதப்பரின் மடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே யார் முன்னால் யார் பின்னால் என்பது மடத்தில் சேர்ந்த நேரத்தைப் பொறுத்தது. காலையில் சேர்ந்தவர் மூத்தவர், அதே நாளில் சற்று நேரம் கழித்துச் சேர்ந்தவர் இளையவர், வயதோ வெளியே வகித்த பதவியோ கணக்கில் வராது. அடிமையாய் இருந்து துறவியானவரைவிடச் சுதந்திரனாய்ப் பிறந்தவரை மேலே வைக்காதே என்று மடாதிபதிக்கு நேராகவே எழுதியிருக்கிறார். உரோமைப் பேரரசின் பழக்கங்கள் மறையாத காலத்தில்! பன்னிரண்டு படித் தாழ்ச்சியை அவரால் கேட்க முடிந்ததற்குக் காரணம் இந்தச் சமத்துவம்தான். பிறப்பால் வந்த ஏற்றத்தாழ்வை அப்படியே வைத்துக்கொண்டு கீழே இருப்பவரிடம் மட்டும் தாழ்ச்சி கேட்டால், அது நற்செய்தியின் தாழ்ச்சி கிடையாது. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் கடவுள் வடிவில் விளங்கியவர்தான் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார். இறங்கியவர் மேலே இருந்தவர்.

அதனால் பங்குகளுக்கு ஒரு கோரிக்கை. பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பதை இப்போதே யோசியுங்கள். பல இடங்களில் பேரவை உறுப்பினர்களும் நன்கொடையாளர்களும் வெள்ளைவேட்டி கட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே உரோமையில் இளம் குற்றவாளிகள் இருந்த காசல் தெல் மார்மோ இல்லத்துக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார், அதில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். 2016 தொடக்கத்தில் இந்தச் சடங்குக்குப் பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்று வழிபாட்டு விதியே மாற்றப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர், கோயில் பெருக்குகிற அம்மா, வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி, யாராவது ஒருவராவது அந்த வரிசையில் இருக்கட்டும்.

சாம்பலுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. ஆரம்பத்தில் ஊரறியப் பெரும்பாவம் செய்து பொதுத் தவம் மேற்கொண்டவர்கள் மேல்தான் அதைத் தூவினார்கள். 1091-இல் பெனவெந்தோ நகரில் கூடிய சங்கம், குருக்களும் பொதுநிலையினரும் எல்லாரும் அந்தப் புதனன்று சாம்பல் பெற வேண்டும் என்றது. இன்று உரோமையில் அவெந்தீன் குன்றில் புனித சபீனா கோயிலுக்குத் திருத்தந்தை பவனியாகப் போய், தாமும் தலை குனிந்து சாம்பல் பெற்றுக்கொள்கிறார். பெரும்பாவிகளின் வரிசை என்று ஒன்று தனியாக இருந்தது, திருச்சபை முழுவதும் போய் அந்த வரிசையில் நின்றுகொண்டது.

நான் இந்த வாரங்களில் பிடித்து வைத்திருக்கிற செபம் புனித எபிரேம் பெயரில் வழங்குவது. 4-ஆம் நூற்றாண்டு சிரியாவின் திருத்தொண்டர் அவர். பைசாந்திய முறைச் சபைகளில் நோன்பு நாட்களில் தரையில் விழுந்து வணங்கி அதைச் சொல்வார்கள். தாழ்ச்சியையும் பொறுமையையும் அன்பையும் தாரும், என் குற்றங்களை நான் காணவும் என் சகோதரனைத் தீர்ப்பிடாதிருக்கவும் அருளும் என்பது அதன் சாரம். காலையில் செய்தித்தாளையோ போனையோ எடுப்பதற்கு முன்னால் சொல்லிப் பாருங்கள், அன்றைய பேச்சு மாறும். இதோடு, யாராவது நம்மைத் திருத்தினால் உடனே விளக்கம் சொல்லாமல் இருந்து பார்ப்பது, பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை மட்டும் சொல்லி அதற்கான காரணத்தைச் சொல்லாமல் இருப்பது, பூசை முடிந்ததும் நாற்காலி அடுக்க யாரும் கூப்பிடாமலே போவது. இவற்றுக்குப் பேர் எதுவும் வைக்க வேண்டாம், ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம்.

அதே பைசாந்திய முறைச் சபைகளில் பெரிய நோன்பு தொடங்கும் மாலை "மன்னிப்பு ஞாயிறு" வழிபாடு நடக்கும். குருவானவர் முதலில் மக்கள் முன் பணிந்து மன்னிப்புக் கேட்பார், பிறகு மக்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்பார்கள். "என்னை மன்னியுங்கள்." "கடவுள் மன்னிப்பார்." ஒவ்வொருவரிடமும், வரிசையாக, பேசாமல் முகம் திருப்பிக்கொண்டிருந்தவரிடமும். எங்கள் அன்பியத்தில் இந்த முறை திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் மாலை செபமாலைக்குப் பிறகு இதைச் செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் முதலில் சின்னவர்களிடம் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. உங்கள் அன்பியத்திலும் செய்ய விரும்பினால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன ஆண்டுக் குருத்தோலைகளைச் சாம்பலுக்காகக் கோயிலில் ஒப்படைக்க வேண்டியதும் இந்த நாட்களில்தான், அதைக் கொடுக்கப் போகும்போதே பேசிவிட்டு வரலாம்.